டிசம்பர் என் முறை

பன்னிரண்டு பேர் நாங்கள்.
மாதம் ஐந்நூறு குவாச்சா,
மாதம் ஒருத்திக்கு மொத்தப் பணம்.
குலுக்கிப் போட்டதில் எனக்குக் கடைசிச் சீட்டு.
"பொறுத்தவளுக்குத்தான் விருந்து, பனா கபாசோ"
என்று சிரித்தாள் கசூபா.
பணப்பெட்டியும் நீல நோட்டும் அவளிடம்.

கிட்வேயில் டிசம்பர் மழை
தாமிரச் சுரங்கத்தின் கரிய கழிவுமலையைக்
கழுவிக் கழுவித் தெருவுக்குக் கொண்டுவரும்.
அந்த மழையில்தான் போனாள்.
கதவு திறந்தே கிடந்தது.
அடுப்பில் பாதி வெந்த கபெந்தா மீன்.
நீல நோட்டை மட்டும் மேசைமேல் விட்டிருந்தாள்.
கணக்கு சரியாக இருந்தது,
பணம்தான் இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் வாங்கியாயிற்று,
அதனால் அவர்கள் சீக்கிரமே மன்னித்தார்கள்.

என் தையல் இயந்திரம் போனது. அதைச் சொல்லிவிடலாம்.
சொல்ல வராதது வேறு:
கபாசோவின் ஞானஸ்நானத்தன்று
அவனை ஏந்தி நின்றவை அந்தக் கைகள்.
பாட்டுக்குழுவில் எங்களுக்கு ஒரே புத்தகம்,
இடப்பக்கம் நான் பிடிப்பேன், வலப்பக்கம் அவள்.
எந்த வரியில் மூச்சு எடுப்பாள் என்பதுவரை தெரியும்.
இத்தனை தெரிந்தவள்
எப்படி எதுவுமே தெரியாதவளாய் இருந்தேன்?

ஞாயிறுதோறும் கர்த்தருடைய ஜெபத்தில்
கடனாளிகள் என்ற சொல் வரும்.
சபை முழுக்க அதைக் கடந்து போகும்.
நான் அங்கேயே நிற்பேன்,
மினிபஸ்ஸைத் தவறவிட்டவள்போல.
ஆண்டவரே, உம்மிடம் நான் பட்ட கடன் எவ்வளவோ, தெரியாது.
என்னிடம் அவள் பட்டது தெரியும்:
ஆறாயிரம்.
உமது நோட்டையும் என் நோட்டையும்
ஏன் ஒன்றாய்த் தைத்தீர்?

போதகர் சிலுங்வேயிடம் போனேன்.
எழுபது தரம் ஏழு என்றார்.
கணக்குத் தெரிந்தவள், விடவில்லை.
நீல நோட்டின் பின்பக்கம்
நானூற்றுத் தொண்ணூறு கட்டம் போட்டேன்.
அத்தனை முறை அவள் திருட வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.
இல்லை.
திருடியது ஒரே முறை.
மன்னிப்பதுதான் தினமும்.
கபாசோவின் கால்சட்டையைக் கையால் தைக்கும்போது ஒன்று.
சந்தையில் யாரோ கபெந்தா பொரிக்கும்போது ஒன்று.
ஊசி விரலில் ஏறிய இரவில்
அவளைச் சபித்து, சபித்ததை விழுங்கி,
மறுபடி சபித்து,
மூன்று.

யூதாசின் கால்களையும் கழுவினீராமே.
அதை நினைத்தால் எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம் வந்தது.
தெரிந்துகொண்டே எப்படித் தண்ணீர் ஊற்றினீர்?
விரலிடுக்கிலும் துடைத்தீரா?
குதிகால் வெடிப்பைத் தொட்டபோது
உம் கை ஒரு கணம் நின்றதா?
நின்றது என்று சொல்லும்.
அது போதும் எனக்கு.

ஏப்ரலில் வந்தாள், மெலிந்து.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.
ஏன் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
முதல் ஞாயிறு, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல்
ஆராதனை முடியுமட்டும் குனிந்திருந்தேன்.
அடுத்த ஞாயிறு தலைவலி.
மூன்றாவது ஞாயிறு
பாட்டுக்குழுவில் என் வலப்பக்கம் வந்து நின்றாள்,
புத்தகம் இல்லாமல்.
"பனா கபாசோ" என்றாள்.
அதற்குமேல் குரல் எழும்பவில்லை.

பணப்பெட்டி இனி அவளிடம் போகாது.
கமிட்டியில் அதைச் சொன்னவள் நான்,
முதலில் கை தூக்கியவளும் நான்.
ஆனால் பிடிக்க ஆளில்லாத வலப்பக்கம்
மின்விசிறிக் காற்றில் மடங்கிக்கொண்டே இருந்தது.
பாட்டோ யாருக்கும் காத்திருக்காது.
புத்தகத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
பிடித்துக்கொண்டாள்.

மூச்சு எடுக்கும் இடத்தை
இருவருமே தவறவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.
இருநூற்று மூன்று.